ஏரிக்கரைக்கு ஓர் ஆற்றுப்படை

ஆற்றுப்படை என்னும் நூல்வகையைப் பயிலாத தமிழ் மாணவர் இலர். வள்ளலைக் கண்டு பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் மற்றொருவனுக்குத் தான் சென்ற வழியை எடுத்துரைத்து, 'நீயும் சென்று பெறுக' எனச் செலுத்துவது அதன் இலக்கணம். பத்துப்பாட்டின் இறுதிக்கண் நிற்கும் மலைபடுகடாம் இவ்வகையினது. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய அந்நூல் 583 அடிகளை உடையது. செங்கண்மா என்னும் ஊரிலிருந்து ஆண்ட நன்னனிடத்துக்கு மலைவழியே கூத்தரை ஆற்றுப்படுத்துவது அது. அச்செங்கண்மா இற்றைநாட் செங்கமே என்பர். எம் ஊராகிய அரூர்க்கு அது பெருந்தொலைவிலுள்ளதன்று. ஆதலின் அப்பாட்டைப் பயிலுந்தோறும் எம்மூர்ப் பக்கத்துக் குன்றுகளே என் கண்முன் வந்து நிற்கும்.

அந்நூலில் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது அரசனது கொடைச் சிறப்பன்று. புலவர் வழி கூறும் திறமேயாம். பன்றிக்கு வைத்த பொறி கிடக்கும் இடம், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல் வந்து விழும் இடம், பாசி படர்ந்து கால் வழுக்கும் இடம் ஆகிய யாவற்றையும் அவர் மறவாது கூறுகின்றார். இவற்றினும் மேலாக மற்றொன்றும் சொல்கின்றார். வழிகள் பல கூடும் கவலையில், நீங்கள் செல்லும் வழி இன்னதெனப் பின்வருவோர் அறியுமாறு, புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்லுங்கள் என்கின்றார். முன் செல்பவன் பின் வருபவனுக்குக் கடமைப்பட்டவன் என்னும் அறம் அவ்வொரு செயலில் அடங்கிவிட்டது. இவ்வறம் நம் காலத்தில் எந்நிலையில் இருக்கின்றது என்பதே இக்கட்டுரையில் யான் ஆராயப் புகுந்த பொருள்.

சென்ற கோடை விடுமுறையில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியே இவ்வாராய்ச்சிக்குக் காரணமாயிற்று. நம் கல்லூரியில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பயின்ற பெரியவர் ஒருவர், தம் மனைவியாரோடு சென்னையினின்று விமானத்தில் சேலத்துக்கு வருவதாகவும், அவ்விருவரையும் எதிர்கொண்டு ஏற்காட்டு ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லவேண்டும் என்றும் எம் ஆசிரியர் ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். மாணவராயிருந்த காலத்தில் தோழரோடு வந்து தங்கிய அவ்விடத்தை மீண்டும் ஒருமுறை காண்பது அப்பெரியவரின் நெடுநாள் விருப்பம். யான் விடியலில் அரூரை விட்டுத் தருமபுரி சென்று, ஆங்கிருந்து சேலம் செல்லும் பஸ்ஸில் ஏறித் தொப்பூர்க் கணவாயைக் கடந்து, ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் இறங்கினேன். சேலத்தின் விமான நிலையம் அவ்விடத்தேதான் இருக்கின்றது.

அந்நிலையத்தின் வரலாறும் கருதத்தக்கதே. 1993-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது முதல் அங்கு விமானங்கள் வருவதும் நிற்பதுமாகவே இருந்துவந்தன. சிற்றூர்களையும் வானவழியால் இணைக்கும் மத்திய அரசின் திட்டப்படி 2018-இல் சென்னைக்கு விமானம் விடப்பட்டது. 2021-இல் அதுவும் நின்றது. பின்னர் 2023 அக்டோபரில் மீண்டும் விமானங்கள் வரத் தொடங்கின. இரயிலில் பல மணி நேரம் பிடிக்கும் சென்னை வழியை விமானம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கடந்துவிடுகின்றது. இது மகிழத்தக்க முன்னேற்றமே. யான் இதனைக் குறை கூற வந்தேனல்லேன்.

பெரியவரும் அம்மையாரும் வெளியே வந்தனர். வணக்கம் கூறிப் பெட்டியை வாங்கிக்கொண்டேன். வாடகை மோட்டார் ஓட்டுநர் ஒருவர் எங்களை அணுகினார். ஏற்காட்டுக்கு அவர் கேட்ட தொகை, பெரியவர் தமக்கென்று விமானத்துக்குக் கொடுத்த தொகைக்கு ஏறக்குறையச் சமமாயிருந்தது. யான் சினந்து பேசத் தொடங்கினேன். பெரியவரோ என்னைத் தடுத்து, "தம்பி, அவர் கணக்கையும் கேட்போம்" என்றார். ஓட்டுநர் அமைதியாகச் சொன்னார்: "ஐயா, மேலே போனால் திரும்பிவர ஆள் கிடைக்காது, வெறும் வண்டியைத்தான் இறக்க வேண்டும். ஏற்றத்திலே எண்ணெய் இரட்டிப்பாகக் குடிக்கும். விமானம் வராத நேரமெல்லாம் இங்கே சும்மா நிற்கிறேன். எல்லாவற்றையும் இந்த ஒரு சவாரியிலேதானே நான் எடுக்க வேண்டும்?"

அவர் கூறியது பொய்யன்று. அவரைப் பேராசைக்காரர் என்று யான் எண்ணியது என் பிழையே. ஒரு தனி மோட்டார், ஒரு குடும்பத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு மலைமேற் சென்று வெறுமனே திரும்பும் ஏற்பாட்டில் இருவழிச் செலவும் ஒருவர் தலையிலேயே விழும். அது செலுத்துவோர் குற்றமன்று, ஏற்பாட்டின் குற்றம்.

பெரியவர் தம் மனைவியாரை நோக்கினார். "நாம் அந்நாளில் எப்படிச் சென்றோமோ அப்படியே செல்வோம்" என்றார் அம்மையார். பெருவழிக்கு வந்து சேலம் பஸ்ஸில் ஏறினோம். ஏறக்குறைய 20 கிலோமீட்டர் சென்று சேலத்தில் இறங்கி, ஏற்காட்டு பஸ்ஸைத் தேடிப் பிடித்தோம். மேல்நோக்கிச் செல்லவேண்டிய வழி இன்னும் 30 கிலோமீட்டர் அளவினது.

அடிவாரத்தைக் கடந்ததும் மலைப்பாதை தொடங்கிற்று. கொண்டை ஊசி வளைவுகள் இருபது. ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநர் ஒலியெழுப்பி, எதிரே இறங்கும் வண்டியை நிற்கச் செய்து ஏற்றினார். மலைவழியில் ஏறும் வண்டிக்கே இறங்கும் வண்டி வழிவிடுதல் வேண்டும் என்பது சட்டம். சுமை தாங்கி ஏறுவோனுக்கு எளிதாய் இறங்குவோன் ஒதுங்கி நிற்கவேண்டும் என்னும் இவ்விதி, வண்டிகளுக்கு மட்டுமன்றி மக்கட்கும் பொருந்துவதன்றோ?

எங்கள் இருக்கைக்கு அருகே மலைவாழ் பெண்ணொருத்தி குழந்தையை மார்பிற் சாய்த்தவளாய் நின்றிருந்தாள். கையிலே மருந்துப் பொட்டலம். அம்மையார் சிறிது ஒதுங்கி அவளை அமரச் செய்து, "குழந்தைக்கு என்ன, அம்மா?" என்று வினவினார். "மூணு நாளாக் காய்ச்சல், சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் காட்டிவிட்டுப் போகிறேன். இந்த வண்டியை விட்டால் எங்கள் பக்கத்துக்குப் பொழுது சாய்ந்துவிடும்" என்றாள் அவள். ஏற்காட்டில் இறங்கி இன்னும் நெடுந்தூரம் அவள் செல்லவேண்டியிருந்தது. ஏரியைக் காணச் சென்ற எங்களுக்கு அந்த பஸ் ஒரு வசதி, அவளுக்கோ உயிர்நாடி. ஒரே இருக்கையில் இவ்விருவகைத் தேவையும் அருகருகே அமர்ந்திருந்த காட்சி என் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை.

ஏரிக்கரையை அடைந்தபோது பிற்பகலாயிற்று. ஏரியும் காடும் சேர்ந்தமையால் ஏற்காடு எனப் பெயர் பெற்றது அவ்விடம் என்பர். 1820-களில் சேலத்தின் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை அம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்து பயிராக்கினார். அன்று குதிரைமீதும் ஆட்களின் தோள்மீதும் ஏறிச்சென்றவர் சிலரே. இன்று மே மாதத்தில் நடைபெறும் கோடை விழாவின்போது ஏரியைச் சுற்றிய பாதையில் மோட்டார்கள் ஒன்றையொன்று முட்டி நிற்கின்றன. நாங்கள் சென்ற அன்றும் அவ்வாறே. பஸ்ஸினின்று இறங்கி நடந்த எங்களுக்கு முன்னதாக, நாலு பேர்க்கு ஒன்றாக வந்த மோட்டார்கள் புகை கக்கிக்கொண்டு வழியடைத்து நின்றன. பெரியவர் ஏரியை நெடுநேரம் நோக்கியிருந்து, "நீர் மாறவில்லை, தம்பி, கரைதான் மாறிவிட்டது" என்றார்.

இனி என் கருத்தை வெளிப்படையாகக் கூறுவேன். ஆகாய விமான நிலையத்தினின்று ஏரிக்கரைக்கு, விமானம் வரும் நேரத்துக்கு இசைந்த பொது பஸ் ஒன்று வேண்டும். அது விமானப் பிரயாணிகளுக்கென்றே தனித்து ஓடும் பஸ்ஸாக இருத்தல் கூடாது. ஓமலூரிலும், சேலத்து இரயில் நிலையத்திலும், பெரிய ஆஸ்பத்திரியிலும், அடிவாரத்திலும், வளைவுதோறும் உள்ள குடியிருப்புக்களிலும் நின்று யாவரையும் ஏற்றிச் செல்லும் பஸ்ஸாக இருத்தல் வேண்டும். வானத்தினின்று இறங்குபவரும் ஆஸ்பத்திரியினின்று வீடு திரும்புபவரும் ஒரே வண்டியில் மலையேற வேண்டும் என்பதே என் கோரிக்கை. இது சேலத்துக்கு மட்டும் உரியதன்று. மதுரை விமான நிலையத்தினின்று கோடைக்கானல் ஏரிக்கும், கோயம்புத்தூர் விமான நிலையத்தினின்று உதகை ஏரிக்கும் செல்லும் வழிகளுக்கும் இது பொருந்தும்.

இதற்குச் சிலர் கூறத்தக்க தடைகளை எடுத்து ஆராய்வோம்.

'சேலத்துக்கு வரும் விமானங்கள் சில. அவற்றில் வருவோருள் ஏற்காடு செல்வோர் மிகச் சிலர். பஸ் வெறுமனே ஓடாதோ?' என்பது முதல் தடை. விமானத்தை மட்டும் நம்பி விடும் பஸ் வெறுமனேதான் ஓடும், ஐயமில்லை. அதனாற்றான் அது மலைவாழ் மக்களுக்கும், இரயிலில் வருவோர்க்கும், ஏற்காட்டுப் பள்ளிகளிற் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர்க்கும் பொதுவாக அமையவேண்டும் என்கின்றேன். பலர்க்கும் பயன்படும் வண்டி எவர்க்கும் நட்டமாகாது.

'மலையில் கூட்டம் பெருகி ஏரி கெட்டுவிடாதோ?' என்பது இரண்டாவது தடை. இது பொருளுடைய வினாவே. ஆயின் கூட்டம் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கின்றது. எவ்வாறு வருகின்றது என்பதே கேள்வி. நாற்பது பேரை ஏற்றிய பஸ் ஒன்று ஏறுமிடத்தில், நால்வர்க்கு ஒன்றாகப் பத்து மோட்டார்கள் ஏறுகின்றன. அவை நிற்பதற்கும் மலையில் இடம் வேண்டும். அவ்விடத்துக்காக மரங்கள் வீழும், கரை சுருங்கும். நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் நேர்ந்ததைக் காண்மின்! சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையால் 2024 மே 7 முதல் அவ்விரு மலைகட்கும் செல்லும் வண்டிகள் மின்வழி அனுமதிச் சீட்டுப் பெறவேண்டியதாயிற்று. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வாரநாட்களில் 6,000 வண்டிகளும், வார இறுதியில் 8,000 வண்டிகளும், கோடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 வண்டிகளுமே செல்லலாம் என வரையறுக்கப்பட்டது. பொது பஸ்களுக்கு அத்தடை இல்லை. நீதிமன்றமே தலையிட்டு எண்ணவேண்டிய நிலை ஏற்காட்டுக்கும் வருமுன் நாம் விழித்துக்கொள்வது நலம்.

'வாடகை மோட்டார் ஓட்டுநர் பிழைப்பு என்னாவது?' என்பது மூன்றாவது தடை. அன்று எங்களோடு பேசிய ஓட்டுநரை எண்ணியே இதற்கு விடை கூறுகின்றேன். முதியோர், நோயாளர், கைக்குழந்தையுடையோர், பெருங்குடும்பத்தார் ஆகியோர் எந்நாளும் மோட்டாரையே நாடுவர். அவர்கட்கு உரிய கட்டணம் இவ்வளவென்று பலகையில் எழுதி வைக்கப்படுமாயின், ஓட்டுநர்க்குப் பழியில்லை, பிரயாணிக்கு ஐயமில்லை. மேலும், பஸ்ஸில் மலையேறியோர் ஆங்குள்ள இடங்களைச் சுற்றிப்பார்க்க மலைமேலுள்ள வண்டிகளையே அமர்த்துவர். வெறுமனே இறங்கும் வண்டிக்குச் செல்லும் காசு மலையிலேயே தங்கும்.

பிற நாட்டார் இதனை எங்ஙனம் செய்தனர் என்று பார்ப்பதும் தகும். சுவிட்சர்லாந்து மலையும் ஏரியும் மலிந்த நாடு. அங்கே தபால் இலாகாவார் 1906-ஆம் ஆண்டில் மோட்டார் பஸ்களை விடத் தொடங்கினர். கடிதமும் மனிதரும் ஒரே வண்டியிற் சென்றனர். இரயில் செல்லாத மலையூர்கள் பலவற்றுக்கு அம்மஞ்சள் வண்டிகளே இன்றும் செல்கின்றன. இரயில் வரும் நேரத்துக்கு இசைந்தே அவை புறப்படுகின்றன. சூரிக் நகரத்து விமான நிலையத்தின் கீழேயே 1980 முதல் இரயில் நிலையம் இயங்குகின்றது. விமானத்தினின்று இறங்கியவர் இரயிலும் பஸ்ஸும் மாறி ஏரிக்கரையோ மலைச்சிற்றூரோ சென்று சேரலாம். அந்நாட்டார் செல்வர் என்பது உண்மையே. ஆயின் ஒரு வண்டி மற்றொரு வண்டிக்காகச் சில நிமிடம் காத்திருப்பதற்குச் செல்வம் வேண்டுவதில்லை, சிந்தனையே வேண்டும்.

நம் நாட்டு வரலாற்றிலும் ஒரு பாடம் உண்டு. 1845-ஆம் ஆண்டில் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் வெப்பத்துக்கும் நோய்க்கும் அஞ்சிக் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். 1863-இல் லெவிஞ்சு துரை அங்கு ஏரியை அமைத்தார். மோட்டார்ப் பாதை வருமுன் அம்மலைக்குச் சென்றோர் பலர் நாற்காலியிலும் டோலியிலும் அமர, அவர்களைத் தோளிற் சுமந்து ஏறியவர் நம் ஏழை மக்கள். ஏரியின் குளிர்ச்சி ஒரு சாரார்க்கு. ஏற்றத்தின் களைப்பு மற்றொரு சாரார்க்கு. மிஷன் கல்லூரியிற் பயிலும் நாம் இவ்வுண்மையை மறத்தல் ஆகாது. டோலி மறைந்தது, அதன் பாகுபாடு மறைந்ததா? ஒரு சாரார் குளிர்மோட்டாரில் விரைய, மற்றொரு சாரார் நிற்க இடமில்லாத கடைசி பஸ்ஸுக்கு ஓடுவார்களாயின், அப்பாகுபாடு வேறு உருவில் வாழ்கின்றது என்றே கொள்ளவேண்டும்.

எம் அரூரார் சார்பில் மற்றொரு சொல்லும் கூறவேண்டும். அரூரினின்று சேலம் செல்லும் வழி பாப்பிரெட்டிப்பட்டியைக் கடந்து மஞ்சவாடிக் கணவாயின் வழியே குப்பனூரை அடைகின்றது. அக்குப்பனூரினின்று ஏற்காட்டுக்கு மற்றொரு மலைப்பாதை ஏறுகின்றது. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை அரூரையும் ஏற்காட்டையும் ஒருங்கே வருத்தியபோது, மலைப்பாதையில் மண் சரிந்து வழி அடைபட்டது. ஒரு வாயில் அடைபடின் மறுவாயில் திறந்திருத்தல் வேண்டும் என்பதை அம்மழை நமக்குக் கற்பித்தது. குப்பனூர்ப் பாதையைச் செப்பமாகக் காத்து அதன்வழியும் பஸ்கள் பல செல்லுமாயின், சேலத்தைச் சுற்றாது எம்மவர் மலையேறுவர். மலைமக்களும் கீழே இறங்க இரு வழி பெறுவர்.

அன்று மாலை பெரியவரையும் அம்மையாரையும் தங்குமிடத்தில் விட்டு யான் விடைபெற்றபோது, அவர் என் கையைப் பற்றி, "இன்று வந்த வழியை எழுதிவை, தம்பி. எனக்குப் பின் வருபவன் காமலாபுரத்தில் திகைத்து நிற்கக்கூடாது" என்றார். மலைபடுகடாத்தைப் பயின்றவன் யான். அவரோ கணக்கியல் பயின்றவர். ஆயினும் புல்லை முடிந்து வைக்கும் அறத்தை அவரே எனக்கு நினைவூட்டினார்.

ஆதலின் அரசினரிடம் பஸ் கேட்பதோடு யான் நிறுத்தமாட்டேன். நம்மிடமும் ஒன்று கேட்பேன். நம் கல்லூரியில் பல ஊர் மாணவர் பயில்கின்றோம். ஒவ்வொருவரும் தத்தம் ஊர்க்கு வரும் வழியை, எங்கே இறங்குவது, எந்த பஸ் எந்நேரத்தில் வரும், என்ன கட்டணம், கடைசி வண்டி எது, மழைக்காலத்தில் எவ்வழி நன்று என்பனவற்றோடு, எளிய தமிழில் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, விடுமுறைதோறும் திருத்தி, நம் நூல்நிலையத்தில் வைப்போமாக. இம்மலரிலும் ஆண்டுக்கொன்றாக அவற்றை வெளியிடலாம். அதற்குப் பெருஞ்செலவு இல்லை. முன் சென்றவன் பின் வருபவனை நினைத்தால் போதும்.

அரூரினின்று ஏற்காட்டு ஏரிக்கு உரிய பக்கத்தை யான் எழுதிவிட்டேன். அம்மலைப்பெண் இறங்கிச் சென்ற சிற்றூர்க்கு உரிய பக்கத்தை எழுதவல்லார் நம்முள் எவரேனும் உளரேல், அவரே எம்மினும் முந்தி எழுதுக.